கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றும் டெம்போ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முன்பு ஊற்றிய இன்ஜின் ஆயில் பத்து நாள் ஆனாலும் பழுப்பாகவே இருக்கும். இப்போது விலை கூடிய ஆயில் ஊற்றினேன், மூன்றாம் நாளே கறுத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?"

அநேகமாக இல்லை. அந்தக் கறுப்பு, கரி. பேச்சிப்பாறைப் பக்கம் லோடோடு செகண்ட் கியரில் ஏறும்போது டீசல் நிறைய பீச்சப்படும். சிலிண்டருக்குள் சில இடங்களில் அதற்கேற்ற காற்று இருக்காது. அரைகுறையாக எரிந்த டீசல் கரித்துகளாகும். பெரும்பகுதி அங்கேயே எரிந்தோ புகையோடோ போய்விடும். மிச்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும்.

ஒரு கரித்துகள் சுமார் 20 முதல் 40 நானோமீட்டர்தான். ஆயில் ஃபில்டர் பிடிப்பதோ பல மைக்ரான் அளவுள்ளவற்றை (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்); அதாவது துகள் அதைவிடப் பல நூறு மடங்கு சிறியது. ஃபில்டரால் ஒன்றும் செய்ய முடியாது. தனித்தனியாக மிதக்கும்வரை இந்தத் துகளால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் கரிக்குக் கரியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. கட்டி சேர்ந்தால் ஆயில் கூழாகும், வால்வைத் தள்ளும் கேம் தேயும், ரிங் இறுகும்.

இதைத் தடுக்க ஆயிலில் கலப்பதுதான் டிஸ்பர்சன்ட். எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு இது. நைட்ரஜன் உள்ள தலை ஒன்று, எண்ணெயோடு இழையும் நீண்ட வால் ஒன்று. தலை போய்க் கரியில் ஒட்டும். வால் வெளியே எண்ணெயில் நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளும் ரம்புட்டான் பழம்போல மயிர் முளைத்துவிடும். இரண்டு துகள்கள் நெருங்கினால் வால்களுக்கு இடம் போதாது. அவை நெரிபட்டு ஒன்றையொன்று தள்ளிவிடும். கரிக்குக் கரியைத் தொடவே வாய்ப்பில்லை. காந்தமும் இல்லை, மின்சாரமும் இல்லை, வெறும் இட நெருக்கடி!

ஆக, சீக்கிரம் கறுக்கும் ஆயில் கரியைத் தன்னிடம் ஏந்தி வைத்திருக்கிறது. கறுக்காத ஆயில் அதை ரிங் இடுக்கிலும், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பிலும் படியவிட்டிருக்கலாம். இன்ஜின் சுத்தமாக எரிப்பதாலும் கறுக்காமல் இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆனால் டிஸ்பர்சன்ட் தீரக்கூடியது. அதைப் பார்க்க எளிய வழி உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, சில மணி நேரம் அப்படியே வையுங்கள். கறுப்பு விளிம்புவரை ஒரே சீராகப் பரவினால் ஆயிலில் இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் அட்டைக்கரியாக ஒரு வட்டம், சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் என்று பிரிந்து நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு ஆயிலை ஒப்பிட வேண்டுமா? அதே வண்டி, அதே லோடு, அதே கிலோமீட்டரில் எடுத்த சொட்டுகளை அருகருகே வையுங்கள்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டில் முதல் எண் குளிருக்கானது. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நாகர்கோவிலில் அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. புகைப்போக்கியில் கரி வடிகட்டி உள்ள பிஎஸ்-6 (புகை மாசு விதிப்படி வந்த புதிய) வண்டி என்றால், கம்பெனி கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும், டப்பாவில் சிகே-4 என்று தரக்குறியீடு போட்டிருப்பது அப்படிப்பட்டது. அங்கே சிக்கனம் பார்த்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பெரிய லாரிக் கம்பெனிகள் பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, தேய்ந்த இரும்பின் அளவுவரை தெரிந்துகொள்கின்றன. ஒற்றை டெம்போக்காரருக்கு அந்த வசதி இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லாத மாவட்டம் இது. இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி இதைச் செய்யச் சொன்னால் என்ன? அமாவாசை தவறாமல் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுபவர்கள், ஃபில்டரை மட்டும் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று விடுவதையும் நிறுத்தலாம்.

சொட்டுச் சோதனை எல்லாவற்றையும் காட்டாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசலோ கூலன்டோ (ரேடியேட்டர் நீர்) கலக்கிறது என்று அர்த்தம். அப்போது தாளைத் தேடாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.