அந்தக் கண்ணாடிக்குள் ராஜாவும் ராணியும் எப்படி வந்தார்கள்?

"லாஸ் மெனினாஸ் ஓவியத்தில் ஓவியர் யாரைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கலை விமர்சகரிடம் போகவேண்டிய கேள்விதான். ஆனால் பள்ளிக்கூட இயற்பியலும் இதில் வாய் திறக்கலாம்.

ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் அரண்மனை ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்தது. இப்போது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா, இருபுறமும் தோழிப்பெண்கள், தரையில் தூங்கிவழியும் நாய். இடது ஓரத்தில் நமக்கு முதுகு காட்டும் பெரிய கித்தான். அருகே தூரிகையோடு வெலாஸ்கெஸ். பின்சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் மங்கலாக அரசரும் அரசி மரியானாவும்.

அரச தம்பதி நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள், பிம்பம் நேரே கண்ணாடியில் விழுகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சரி, ஒரு அடிஸ்கேல் எடுங்கள். வலப்பக்கச் சுவரும் கூரையும் சேரும் கோடு, ஜன்னல்களின் விளிம்புகள் எல்லாவற்றையும் உள்நோக்கி நீட்டினால் ஒரே இடத்தில் போய்ச் சேரும். அதுதான் மறைபுள்ளி. அது கண்ணாடியில் விழுவதில்லை! அதற்கு வலப்பக்கம், திறந்த கதவுக்குள் படியில் நிற்கும் நியேத்தோ என்ற அரண்மனை அதிகாரியின் கையருகே விழுகிறது. பார்ப்பவரின் கண் மறைபுள்ளிக்கு நேர் எதிரே இருந்தாக வேண்டும். அப்படியானால் கண்ணாடி நமக்கு இடப்பக்கம் தள்ளி இருக்கிறது.

இனி படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற பழைய பாடம். கண்ணாடி ஒரு முழம் இடப்பக்கம் இருந்தால், நம் வரிசையில் இரண்டு முழம் இடப்பக்கம் இருப்பதுதான் அதில் தெரியும். நான் ஒரு கைக்கண்ணாடியைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். ("வாசலுக்கு எதிரே கண்ணாடியா?" என்று வீட்டில் வாஸ்து ஆட்சேபம், பத்து நிமிஷத்தில் கழற்றுகிறேன் என்று சமாளித்தேன்.) ஒரு முழம் தள்ளி உட்கார்ந்ததும் என் முகம் காணவில்லை. இடப்பக்க நாற்காலியில் கிடந்த ஈரத்துண்டு தெரிந்தது.

ஓவியத்தில் அந்த ஈரத்துண்டின் திசையில் இருப்பது எது? கித்தான்! அதாவது கண்ணாடியில் தெரிவது கித்தானில் வரையப்பட்ட ராஜா ராணி என்று கொள்வதே கணக்குக்குப் பொருந்துகிறது. வெலாஸ்கெஸ் வரைவது அரச தம்பதியை என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கிறது என்று, ஸ்பெயின் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய பலோமினோ 1724-லேயே எழுதிவிட்டார். தம்பதி நேரடியாகத்தான் தெரிகிறார்கள் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு.

கண்ணாடி விஷயத்தில் நாம் ஏமாறுவது புதிதல்ல. லண்டனில் இருக்கும் வெலாஸ்கெஸின் இன்னொரு ஓவியத்தில், காதல் தேவதை வீனஸ் கண்ணாடியில் தன் அழகை ரசிப்பதாக நினைக்கிறோம். உளவியலாளர்கள் இந்தத் தடுமாற்றத்துக்கு வீனஸ் விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் முகம் நமக்குத் தெரிகிறதென்றால், அவளுக்குத் தெரிவது நம் முகம்.