ஏஎம்ஹெச் முதல் மயோஸ்டாட்டின் வரை: ஒரே குடும்பம், பல வேலை

முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் அறிக்கையை வைத்துக்கொண்டு கலங்கிப்போய் வருகிற பெண்களும், ‘தசை ஏறும்’ என்று யாரோ விற்ற டப்பாவைக் காட்டி “இதைச் சாப்பிடலாமா டாக்டர்?” என்று கேட்கிற இளைஞர்களும் ஹார்மோன் மருத்துவரின் அறைக்கு வெளியே அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பது வழக்கம். இருவருக்கும் பிரச்சினை வேறு வேறு என்றுதான் தோன்றும். ஆனால் அந்த அறிக்கையில் அளந்திருக்கும் பொருளும், அந்த டப்பா தடுக்கப்போவதாகச் சொல்லும் பொருளும் ஒரே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இது தெரியாததால்தான் தேவையில்லாத பயமும் தேவையில்லாத துணிச்சலும் வருகின்றன.

அந்தக் குடும்பத்தின் பெயர் டிஜிஎஃப்-பீட்டா. வளர்ச்சிக் காரணிகள் என்று சொல்லப்படும் புரதங்களில் இது பெரிய கூட்டம். மனித உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இவர்கள் செல்லுக்குள் செய்தி அனுப்ப வேண்டுமானால் செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகளைப் பிடிக்க வேண்டும். அந்த ஏற்பிகளோ மொத்தமே 12தான். முப்பது பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் இருக்கிற சில கதவுகள் வழியாகவே போய்வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அப்படி. ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே ஸ்மாட் என்ற புரதங்கள் செல்லின் கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை நிறுத்தும். எவை இயங்கும் என்பது அது எந்த செல் என்பதைப் பொறுத்தது. ஒரே புரதம் பிட்யூட்டரியில் ஒன்றைச் செய்யும், தசையில் வேறொன்றைச் செய்யும்.

ஆக்டிவின் இதற்கு நல்ல உதாரணம். 1980களில் சினைப்பையின் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு பை) திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியைத் தூண்டி எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைச் சுரக்கவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. பெண்ணுக்கு ஃபாலிக்கிள் வளரவும், ஆணுக்கு விந்தணு உற்பத்தி சரியாக நடக்கவும் எஃப்எஸ்ஹெச் வேண்டும். ஆக்டிவினின் நெருங்கிய சொந்தமான இன்ஹிபின் அதே சுரப்பை அடக்கும். ஃபாலிஸ்டாட்டின் என்ற இன்னொரு புரதம் ஆக்டிவினைக் கட்டிப்போட்டுவிடும். இந்த இழுபறியில்தான் மாதவிடாய்ச் சுழற்சி நடக்கிறது. அதே ஆக்டிவின் தசைக்குப் போனால் ‘கரை’ என்கிறது. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஏஎம்ஹெச். சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சின்ன ஃபாலிக்கிள்கள் இதைச் சுரக்கின்றன. ஆகவே அளவு அதிகமாக இருந்தால் முட்டைக் கையிருப்பு அதிகம், குறைவாக இருந்தால் கையிருப்பு குறைவு. அவ்வளவுதான் அது சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. இந்த மாதம் முட்டை வெளிவருமா, கருக்குழாய் திறந்திருக்கிறதா, கணவரின் விந்தணு எப்படி என்பதையும் சொல்லாது. குழந்தையின்மைச் சிக்கல் எதுவும் இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட சுமார் 750 பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை. இந்த ஒரு செய்தியைக் கேட்டதும் முகம் தெளிந்து எழுந்து போனவர்கள் என் அனுபவத்தில் பலர்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு? ஐவிஎஃப் சிகிச்சையில் ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவும். புற்றுநோய்க்கு கீமோதெரபி தொடங்கும் முன் கையிருப்பைத் தெரிந்துகொள்ள உதவும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது அதிகமாக இருக்கும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய வயது வந்த பெண்களுக்கு அல்ட்ராசவுண்டுக்குப் பதிலாக ஏஎம்ஹெச்சைப் பயன்படுத்தலாம் என்கிறது. பதின்வயதுப் பெண்களுக்குக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. இன்னும் கல்யாணமே பேசாத பெண்ணுக்கு ‘எதற்கும் ஒரு டெஸ்ட் பார்த்துவைப்போம்’ என்று எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எண் வீட்டில் கிளப்பும் பதற்றத்துக்கு மருந்து கிடையாது.

நடைமுறையில் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று. சில ஆய்வகங்கள் ஏஎம்ஹெச்சை நானோகிராம்/மில்லிலிட்டர் என்ற அலகில் தருகின்றன, சில பிகோமோல்/லிட்டரில் தருகின்றன. முதலாவதை 7.14ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அதாவது 1.5 என்பதும் 10.7 என்பதும் ஒன்றேதான். அலகைப் பார்க்காமல் “போன தடவை 10 இருந்தது, இப்போது 1.5 ஆகிவிட்டது” என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் எடுத்தால் அளவு கொஞ்சம் குறைவாகவும் காட்டலாம்.

கருவுறுதலில் இந்தக் குடும்பம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறியாடுகள் சாட்சி. முட்டையே சுரக்கும் பிஎம்பி-15 என்ற காரணியின் மரபணுவில் அவற்றுக்கு ஒரு பிறழ்வு உண்டு. ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வு இருக்கும் ஆடு வழக்கத்தைவிட அதிகக் குட்டி போடும். இரண்டு பிரதியிலும் இருந்தால் சினைப்பையே வளராது, ஆடு மலடாகும். ‘கொஞ்சம் குறைத்தால் நல்லது, அப்படியானால் முழுக்கக் குறைத்தால் இன்னும் நல்லது’ என்ற கணக்கு இந்தக் குடும்பத்திடம் எடுபடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தசைப் பக்கம் வருவோம். 1997இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரானும் சே-ஜின் லீயும் மயோஸ்டாட்டின் என்ற காரணியை அறிவித்தார்கள். தசை தானே சுரந்து ‘போதும், இதற்கு மேல் வளராதே’ என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் புரதம் இது. இந்த மரபணு இல்லாத எலிகளின் தசைகள் இரண்டு, மூன்று மடங்கு பெருத்தன. பெல்ஜியன் ப்ளூ மாடுகளின் பூதாகரத் தசைக்கும் இந்த மரபணுவின் பழுதுதான் காரணம் என்று அதே ஆண்டில் தெரியவந்தது. அந்த மாடுகளுக்குப் பிரசவம் பெரும்பாலும் சிசேரியன்தான் என்பதை மட்டும் விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. 2004இல் ஜெர்மனியில் இதே மரபணு செயலிழந்த ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பும் வெளிவந்தது.

அதிலிருந்து ‘மயோஸ்டாட்டின் தடுப்பான்’ என்ற பெயரில் பொடிகளும் திரவங்களும் சந்தைக்கு வந்தன. மயோஸ்டாட்டினையும் கட்டிப்போடும் ஃபாலிஸ்டாட்டின்தான் சில டப்பாக்களில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாயால் சாப்பிடும் ஃபாலிஸ்டாட்டின் ஒரு புரதம். வயிறு அதை மற்ற புரதங்களைப் போலச் செரித்துவிடும். அந்த வகையில் காசுக்குத்தான் நஷ்டம். ஊசியாகப் போட்டுக்கொள்பவர்கள் நிலைமை வேறு. ஆக்டிவினும் சேர்ந்து கட்டிப்போடப்பட்டால் எஃப்எஸ்ஹெச் குறையும், விந்தணு உற்பத்தி அதைத்தான் நம்பியிருக்கிறது. டப்பாவில் எழுதியிருப்பதே உள்ளே இல்லாமல் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் மோசம். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் பிட்யூட்டரியை அடக்கி, விந்தணு எண்ணிக்கையைப் பூஜ்யம் வரை இறக்கிவிடும். நிறுத்திய பிறகு மீண்டுவர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். கட்டுடலோடு வரும் ஆணின் விந்துப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி “ஜிம்மில் என்ன எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்பதுதான். மனைவி பக்கத்தில் இருந்தால் பதில் வராது. தனியாகக் கேட்க வேண்டும். விளையாட்டு வீரர்கள் கவனிக்க: மயோஸ்டாட்டினைத் தடுக்கும் பொருட்கள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

மறுபக்கம், தசை கரைந்துபோகும் நோயாளிகள். புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் வரும் இந்த நிலைக்குக் கேக்கெக்ஸியா என்று பெயர். டயட் இல்லாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் புற்றுநோய் நோயாளியிடம் இதைச் சந்தேகிக்க வேண்டும். குடும்பத்தினர் “சாப்பிடவே மாட்டேன் என்கிறார்” என்று நோயாளியைத் திட்டுவதைப் பார்க்கிறேன். இது வெறும் பட்டினி இல்லை. ஊட்டச்சத்தை மட்டும் கூட்டினால் முழுதாகச் சரியாகாது. இங்கேதான் ஆக்டிவின் திரும்ப வருகிறது. 1990களின் தொடக்கத்தில் இன்ஹிபின் சுரக்காத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் சினைப்பையிலும் விந்தகத்திலும் கட்டிகள் வந்தன. ஆக்டிவின் எக்கச்சக்கமாக ஏறியது. எலிகள் உருகி இறந்தன. அதன் பிறகு 2010இல் வந்த ஆய்வில், ஆக்டிவினையும் மயோஸ்டாட்டினையும் உறிஞ்சிக்கொள்ளும் போலி ஏற்பி ஒன்றைப் புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்குச் செலுத்தினார்கள். கட்டி சுருங்கவில்லை. ஆனால் தசை திரும்ப வந்தது, எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. கட்டி ஒரு நோய் என்றால் தசை இழப்பு அதன் கூடவே வரும் தனி நோய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எலியில் நடந்தது மனிதரிடம் அப்படியே நடக்கவில்லை. டுஷேன் தசைச் சிதைவு நோயுள்ள சிறுவர்களிடம் சோதித்த ஒரு போலி ஏற்பி மருந்து, மூக்கில் ரத்தம் வடிதல், தோலில் நுண் ரத்தக்குழாய் விரிதல் போன்றவற்றால் நிறுத்தப்பட்டது. ரத்தக்குழாய்ச் சுவரைக் காக்கும் வேறு உறுப்பினர்களையும் அது சேர்த்துப் பிடித்துவிட்டது. ஆக்டிவின் ஏற்பிகளை அடைக்கும் பிமாக்ருமாப் என்ற மருந்து ஒரு முதிர்வுகாலத் தசை நோயில் நடக்கும் திறனைக் கூட்டவில்லை. ஆனால் அதே மருந்து, நீரிழிவும் உடல்பருமனும் உள்ளவர்களிடம் 48 வாரத்தில் கொழுப்பைச் சுமார் 20 சதவீதம் குறைத்தது, கொழுப்பில்லாத எடையைக் கொஞ்சம் கூட்டியது. தசையின் பருமனும் பலமும் ஒன்றல்ல.

அதனால் வயதானவரின் தசையைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளிடம் தராசைவிட நாற்காலியை நம்பச் சொல்கிறேன். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் மருத்துவரைப் பாருங்கள். ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள். எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும்தான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் மருந்து.

இந்தக் குடும்பத்தைக் குறிவைத்த மருந்துகளில் ஜெயித்தவை எதிர்பாராத இடத்தில் ஜெயித்தன. எலும்புக்காகச் சோதித்த சொடாடெர்செப்ட் என்ற போலி ஏற்பி மருந்து ஹீமோகுளோபினை ஏற்றியது. அதன் உறவான லஸ்படெர்செப்ட் 2019இல் பீட்டா தலசீமியா ரத்தசோகைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சொடாடெர்செப்ட்டே 2024 மார்ச்சில் நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்துக்கு அனுமதி பெற்றது.

அந்த நோய் இளம் பெண்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொடாடெர்செப்ட் ஆண், பெண் இருவரின் கருவளத்தையும் பாதிக்கலாம், கருவுக்குத் தீங்கு செய்யலாம். சிகிச்சைக் காலத்திலும் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 4 மாதமும் பெண்கள் கருத்தடையைக் கடைப்பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாய்ப்பால் தரக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி அது. முதல் சில டோஸ்களுக்கு ஒவ்வொரு முறையும் முன்னதாக ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் பார்க்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் கர்ப்பமே உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தப் பேச்சு எப்படியும் நடந்தாக வேண்டும். மூக்கில் ரத்தம் அடிக்கடி வந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.