மல மாற்று சிகிச்சைக்குப் பிறகு ரொட்டியும் டீயும் போதுமா?

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மல மாற்று சிகிச்சை செய்துகொண்டு, நம் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபத்துக்கோ தொண்டிக்கோ கீழக்கரைக்கோ திரும்பி வருகிறவர்கள் இன்னும் குறைவுதான். ஆனால் வருகிறவர்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் சாப்பாடு பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: மென்மையான உணவு. வீட்டில் அதற்கு என்ன பொருள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், பிரெட், ரஸ்க், ஜவ்வரிசிக் கஞ்சி, அப்புறம் டப்பாவில் விற்கும் சத்துப் பவுடர். உணவியல் நிபுணராக என் வேலை அந்தப் பட்டியலைக் கலைப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

சிகிச்சை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை, ரத்தமும் மலமும் பலவிதமாகப் பரிசோதித்த பிறகு, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகவோ எனிமாவாகவோ நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். மாத்திரை வடிவிலும் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி திரும்பத் திரும்பத் தாக்குகிறவர்களுக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இதைப் பெற்ற 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணமானது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்.

பெருங்குடல் புண் நோயில், அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸில், கதை இவ்வளவு நேராக இல்லை. என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த நோய்க்காரர்கள்தான். உணவு பெரிதாகப் பேச வேண்டியதும் இங்கேதான்.

கொலைட்டிஸுக்காக மல மாற்று செய்துகொண்ட ஓர் அக்கா வந்திருந்தார், பாம்பன் பக்கம் மிதவையில் கடல்பாசி வளர்ப்பவர். "நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இப்ப மறுபடியும் சளி சளியாப் போகுது" என்றார். டாக்டரிடம் காட்டி மருந்தைச் சரிசெய்த பிறகு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமே சாப்பிடலை மேடம். காலைல பன்னு டீ, மத்தியானம் வெள்ளைச்சோறு ரசம், ராத்திரி ரொட்டி. கீரை, காயெல்லாம் தொடவே இல்லை. குடலுக்கு ஆகாதுன்னாங்க."

"அக்கா, விதைப்பாசி நல்லதாக் கட்டியும் கடல் சூடாயிட்டா என்ன ஆகும்?" என்றேன். "வெளுத்து உதிர்ந்துரும்" என்றார். குடலுக்குள் விட்ட கிருமியும் அப்படித்தான் என்றதும் அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். பெருங்குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு முக்கியமான தீனி, நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்ச்சத்தும் செரிக்காத மாவுச்சத்தும். அவற்றைப் புளிக்க வைத்து அவை பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். நார் வராவிட்டால் சில கிருமிகள் குடலின் மேல் படிந்திருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. பன்னும் ரஸ்க்கும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே கரைந்து முடிந்துவிடும். புதிதாக வந்த கிருமிக்குக் கீழே பட்டினி.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கமானது. லேசான, நடுத்தரமான கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு, கிராமத்துக் கொடையாளர்கள் பலரிடமிருந்து பெற்றதை வாரம் ஒன்றாக ஏழு முறை செலுத்தினார்கள். கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுமுறை. எட்டு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 32 சதவீதம். அதன்பின் மல மாற்றை நிறுத்தி, அந்த உணவுமுறையை 48 வாரம் வரை தொடர்ந்தார்கள். கடைசியில் குடலின் உட்புறமும் ஆறிய நிலையிலேயே நீடித்தவர்கள் அந்தப் பிரிவில் கால்வாசிப் பேர். இன்னொரு பிரிவில் ஒருவர்கூட இல்லை. சிகிச்சையும் உணவும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால் எது எவ்வளவு வேலை செய்தது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் நடத்திய சிறிய ஆய்வில், ஒரே கொடையாளரிடமிருந்து பெற்ற மல மாற்று மட்டும் செய்துகொண்டவர்களைவிட, கட்டுப்பாடான உணவை மட்டும் எடுத்தவர்களுக்குத்தான் நோய் அதிகம் அடங்கியது. அதனால்தான் சொல்கிறேன், கொலைட்டிஸில் சாப்பாடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் இல்லை.

சரி, நம் ஊரில் என்ன சாப்பிடுவது? மீனைப் பயப்பட வேண்டாம். சூடை, நெத்திலி, காரல் எல்லாம் குழம்பாகவோ அவியலாகவோ நல்லதே. பொரித்தது வேண்டாம். ஆனால் மீனில் நார் கிடையாது. சோறும் மீன்குழம்பும் மட்டுமே இரண்டு வேளையும் என்பதுதான் நம் கடற்கரைத் தட்டின் குறை. காய்கறி மதுரை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது, உண்மைதான். கொல்லையில் நிற்கும் முருங்கைக்கு யார் விலை கேட்கப் போகிறார்கள்? பூசணி, சுரைக்காய், கேரட்டைக் குழைய வேகவைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். வாழைப்பழம் முதல் வாரத்திலேயே ஆகும். பனங்கிழங்கு நார் மிகுந்தது. குடல் நன்றாக ஆறின பிறகு வேகவைத்து, நரம்பை உரித்து, கொஞ்சமாக. குடல் எங்காவது சுருங்கியிருப்பதாக ரிப்போர்ட்டில் இருந்தால் நார் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். முண்டு மிளகாய்க் காரத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்க எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பழைய சோறு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. புளித்ததில் நல்ல கிருமியும் இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில், மூடிய பாத்திரத்தில் ஊறவைத்தால் நல்லது. எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாக்கெட் உணவை மட்டும் கறாராக நிறுத்தச் சொல்கிறேன். இதில் நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. அந்த அக்கா மிதவையில் வளர்க்கும் பாசியிலிருந்துதான் கேராஜீனன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமையும் சாக்லேட் கலந்த பாக்கெட் பாலையும் கெட்டியாக்கச் சேர்ப்பது அதுதான். நோய் அடங்கியிருந்த கொலைட்டிஸ்காரர்களிடம் நடந்த மிகச் சிறிய ஆய்வொன்றில், அதைத் தனியாகக் கொடுத்தபோது சிலருக்கு நோய் திரும்பியது. அதனால் பாசித் தொழிலைக் குற்றம் சொல்ல முடியாது. கொலைட்டிஸ் உள்ளவர்கள் கேராஜீனன் சேர்த்ததைத் தவிர்த்தால் போதும்.

கொடையாளர் சாப்பாடும் கணக்கில் வரும். உங்களுக்கு இறாலோ நண்டோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாது என்றால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கொடையாளர் தின்றதன் மிச்சம் மலத்தோடு வந்து ஒவ்வாமை கிளப்ப வாய்ப்பு உண்டு. கொடையாளர் மலத்திலிருந்து தயாரித்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளின் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. "நம்ம அண்ணன் நல்லா இருக்கான், அவன்கிட்ட வாங்கி வீட்டிலேயே எனிமா கொடுத்துக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. சரியாகப் பரிசோதிக்காத கொடையாளரிடமிருந்து மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி தொற்றி அமெரிக்காவில் ஒருவர் இறந்தே போனார். 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அறிவித்தது.

சிகிச்சைக்குப் பிறகு சளி, காய்ச்சல் என்று மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் மல மாற்று செய்திருப்பதை முதலில் சொல்லுங்கள். கொலைட்டிஸ் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் சில நாள் வயிறு உப்புசம், லேசான கழிச்சல் சகஜம். காய்ச்சல், ரத்தப்போக்கு, தாங்க முடியாத வயிற்றுவலி என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.