ராஸ்: பெயரில் ஒரு கிழவி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் 'ராஸ்' என்ற கடல்மீன் குடும்பத்தின் பெயர் வந்துவிடும். சிக்ஸ்லைன் ராஸ், ஃபேரி ராஸ், கிளீனர் ராஸ் என்று ஓர் அடைமொழியோடு வரும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மீன் நன்றாகத் தெரியும். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் இருவருமே விழிப்பார்கள்.

ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு 'டபிள்யூ' உண்டு, ஒலிக்காது. அந்த ஊமை எழுத்தில்தான் கதையே இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் பழைய மொழி கார்னிஷ், பக்கத்து வேல்ஸ் நாட்டின் வெல்ஷுக்கு உறவுக்கார மொழி. அதில் 'க்வ்ராஃக்' என்றால் கிழவி. வெல்ஷில் இதே சொல்லுக்குச் சூனியக்காரி என்றும் பொருள். கார்னிஷில் பெண்பால் பெயருக்கு முன்னால் 'அந்த' என்று சுட்டும் சொல் வந்தால் முதலில் நிற்கும் 'க்' உதிர்ந்துவிடும், 'வ்ராஃக்' மிஞ்சும். ஆங்கிலத்துக்குள் போனது இந்தத் தேய்ந்த வடிவம்தான். தடித்த உதடும் துருத்திய பல்லுமாக அந்த முகத்தைப் பார்த்த மீனவர் யாருக்கோ ஒரு பாட்டி நினைவுக்கு வந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்ன்வால் கரையோரம் வாழும் 'பாலன் ராஸ்' என்ற வகை மீன்கள் எல்லாமே பெண்ணாகத்தான் பிறக்கின்றன. அவற்றில் சில பின்னாளில் ஆணாகிவிடும். கிழவி கிழவனாகும் கதை! இந்தக் குடும்பத்தில் இது பரவலான வழக்கம். கிளீனர் ராஸில் ஓர் ஆணும் பல பெண்களும் ஒரு கூட்டம். அந்த ஆண் செத்தால் பெண்களில் பெரியது ஆணாகிவிடும். பல இனங்களில் ஆணான பிறகு நிறமும் மாறுவதால், ஒரே மீனுக்கு இரண்டு பெயர் வைத்து ஆய்வாளர்களே ஏமாந்ததுண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் 'இராசு' ஆகும். கடையில் "ராசு" என்று கூப்பிட்டால் மீன் வராது, வேலை பார்க்கும் தம்பிதான் திரும்பிப் பார்ப்பான். 'கிழவி மீன்' மொழிபெயர்ப்பாகச் சரி. ஆனால் நீலமும் செம்மஞ்சளுமாக மினுக்கும் மீனுக்கு அந்தப் பெயரைச் சூட்ட மனசு வரவில்லை.

'கிளிமீன்' என்று வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அது அலகு போன்ற வாயால் பவளப்பாறையைச் சுரண்டும் மீனின் பெயர். மரபணு ஆய்வுகள் அந்த மீனையும் ராஸ் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கிளையாக வைப்பதால் பெயரை நீட்டிக்கொள்ளலாம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மலையாளத்தில் கிளிமீன் என்றால் நம் சங்கரா வகை. நாகர்கோவில்காரரிடம் சொன்னால் குழம்புக்கா என்று கேட்பார்.

என் தேர்வு 'உதட்டுமீன்'. குடும்பத்தின் அறிவியல் பெயரான லாப்ரிடேயை உதட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு இணைத்துச் சொல்வது வழக்கம். ஜெர்மன்காரர்களும் 'லிப்ஃபிஷ்', அதாவது உதட்டுமீன் என்றுதான் சொல்கிறார்கள். மீனைப் பார்த்தாலே பெயர் விளங்கும்.

கடைப் பெயர்களை நம்பி இறங்கினால் வேறு சிக்கல். 'யெல்லோ கோரிஸ்' என்று நான் வாங்கிய மஞ்சள் மீன் உண்மையில் கோரிஸ் பேரினமே இல்லை, ஹாலிகோரஸ் என்ற வேறு பேரினம். கிரேக்கத்தில் கடல்பன்றி! தொட்டியில் விட்ட அன்று மாலையே காணவில்லை. செத்துவிட்டது என்று மணலைக் கிளறினேன். உள்ளே படுத்திருந்தது துள்ளி எழுந்து ஓடியது. இந்த வகை இரவில் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும், அதனால் இரண்டு அங்குலமாவது நைசான மணல் வேண்டும். ஃபேரி ராஸுக்கு மணல் தேவையில்லை, தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு பை கட்டிக்கொண்டு தூங்கும். அடைமொழி எதுவானாலும் தொட்டிக்கு மேலே வலை போடுங்கள், எல்லாமே தாவும். சிக்ஸ்லைனைக் கடைசியாக விடுங்கள், முன்னால் விட்டால் பிறகு வருகிற மீனை விரட்டும். கிளீனரை வாங்கவே வேண்டாம். மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்று வாழ்வது அது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகும்.

அடைமொழிகளையும் தமிழாக்கலாம்: துப்புரவு உதட்டுமீன், ஆறுவரி உதட்டுமீன். ஃபேரிதான் இடிக்கிறது. 'தேவதை' என்று போட்டால், ஏஞ்சல் மீனை ஏற்கெனவே தேவதை மீன் என்கிறோமே, அதோடு குழம்பும். இதற்கு ஒரே பெயர் தேடாமல் இனத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மாலத்தீவுக் கடலில் கிடைத்த ஃபேரி ராஸ் ஒன்றுக்கு 2022இல் அறிவியல் பெயர் வைத்தபோது, இனப்பெயராக 'ஃபினிஃபென்மா' என்ற, மாலத்தீவு மொழியான திவேஹியின் சொல்லையே எடுத்தார்கள். ரோஜா என்று பொருள், அந்த நாட்டின் தேசியப் பூ. அதை 'ரோஜா உதட்டுமீன்' என்று தயங்காமல் எழுதலாம்.