பிளேடின் பின்பாதி

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசக்காலுக்கும் கதவுக்கும் மரம் கொடுத்திருந்த தச்சுப் பட்டறையின் ஷட்டரில் ஒரு பள்ளம் உண்டு. இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. ஏதோ வண்டி பின்னால் வந்து இடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தகடு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஆசாரியிடம் கேட்டேன்.

"பலாக் கட்டை சார். ரெண்டடி நீளம் இருக்கும். நான் ஒதுங்கி நின்னேன், ஷட்டர் வாங்கிக்கிச்சு."

மரம் அறுக்கும் மெஷினிலிருந்து ஷட்டர் பன்னிரண்டடி தள்ளி இருக்கிறது.

வட்ட ரம்பத்தில் கை பட்டால் அறுபடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அறுக்கக் கொடுத்த மரமே திரும்பி வந்து அடிக்கும் என்பது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. இயற்பியல் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆகவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மேசை நடுவே ஒரு பிளவு, அதன் வழியே தலையை நீட்டிச் சுழலும் பிளேடு, மரத்தை ஒட்டிப் பிடிக்கப் பக்கவாட்டில் ஒரு கைடு. டேபிள் சா என்பது இவ்வளவுதான். ஆசாரி நிற்கும் இடத்தை முன்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிளேடின் உச்சி அவரை நோக்கி வருகிற மாதிரி அது சுழல்கிறது. அப்படியானால் முன்பக்கப் பல் மேலிருந்து கீழே இறங்கும்; மரத்தைக் கடிக்கும்போதே அதை மேசையோடு சேர்த்து அழுத்தும். ஆசாரி ஒரு பக்கம் தள்ள, பல் எதிர்ப்பக்கம் தள்ள, மேசை கீழிருந்து தாங்க, மரம் அடங்கிக் கிடக்கும். பின்பக்கம் அப்படியில்லை. அங்கே பல் மேசைக்கு அடியிலிருந்து மேலேறி, ஆசாரி பக்கமாகத் திரும்பி வருகிறது. அறுத்து முடிந்த மரம் அந்தப் பல்லில் பட்டுவிட்டால் மேலே தூக்கப்படும், தூக்கிய வேகத்திலேயே ஆசாரியை நோக்கி எறியப்படும்.

இந்த மெஷினைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி, மரம் பின்பக்கப் பல்லைத் தொடாமல் பார்த்துக்கொள்வது பற்றியதுதான்.

சரி, எவ்வளவு வேகத்தில் எறியும்? அங்கே இருப்பது 12 அங்குல பிளேடு, 40 பல். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றை எட்டாது. சுமையோடு ஓடும்போது சுமார் 2880. மோட்டாரிலும் பிளேடு தண்டிலும் ஒரே அளவு புல்லி என்பதால் பிளேடுக்கும் அதே வேகம். வினாடிக்கு 48 சுற்று. பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 96 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் பல் நுனியின் வேகம் வினாடிக்கு 46 மீட்டர், மணிக்கு 165 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் எந்த ரயிலும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை. ஒரே இடத்தில் நின்று சுழல்வதால் நமக்கு அது வேகமாகத் தெரிவதில்லை.

எறியப்படும் மரம் அந்த முழு வேகத்தையும் வாங்கிக்கொள்ளத் தேவையே இல்லை. மூன்றில் ஒரு பங்கு, வினாடிக்கு 15 மீட்டர் கிடைத்தால் போதும். 2 கிலோ கட்டைக்கு அப்போது இருக்கும் ஆற்றல் 225 ஜூல். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்கு 120 ஜூல்தான் இருக்கும். அந்தப் பந்துக்கு மட்டையாளர் ஹெல்மெட்டும் காலுக்கு பேடும் கட்டி நிற்கிறார். நம் ஆட்கள் லுங்கியோடு நிற்கிறார்கள்.

அதைவிட மோசமானது கைக்கு நடப்பது. மரத்தை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். மரம் சட்டென்று எகிறிப் போய்விடுகிறது. தள்ளிய விசை மட்டும் கையில் மிச்சம் இருக்கிறது. தாங்க எதுவும் இல்லாமல் கை முன்னால் விழுகிறது, அங்கே பிளேடு. கண்ணால் பார்த்துக் கையை இழுக்க மனிதனுக்குக் குறைந்தது 0.2 வினாடி ஆகும். அதற்குள் ஏறக்குறைய 380 பற்கள் கடந்துவிடும். "ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே" என்று விரல் போனவரிடம் கேட்பது அர்த்தமில்லாத கேள்வி. தள்ளுகட்டை என்று சொல்கிற, நுனியில் வெட்டுவிட்ட குச்சியால் கடைசி ஒரு சாண் மரத்தைத் தள்ளுவது இதற்காகத்தான். விழுந்தால் குச்சி விழட்டும்.

மரம் ஏன் பின்பக்கப் பல்லைத் தேடிப் போகிறது? பல்லின் அகலம் சுமார் 3 மி.மீ.; பிளேடின் தகடு அதைவிட மெலிசு, 2 மி.மீ. சொச்சம். ஆகவே அறுத்த வாயில் தகட்டுக்கு இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அந்த வாய் ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் போதும், மரம் பிளேடைக் கவ்விக்கொள்ளும். கவ்வுகிற இடம் அறுத்து முடிந்த பக்கம், அதாவது பின்பாதி.

வாய் தானாகச் சுருங்குமா என்றால், சுருங்கும். இங்கேதான் நம்மூர் மரங்களின் குணம் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற பலா இது. அன்றைக்கு ரோட்டோரம் அடுக்கிக் கிடந்தது. புயல் ஒரு நாளில் சாய்த்ததைக் கடற்காற்று வருடக்கணக்கில் மெதுவாகச் செய்கிறது. சாய்ந்து வளரும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். பலா, வேம்பு, பூவரசு போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்வின் மேல்பக்கத்தில் ஒரு தனிவகை நாரை வளர்க்கும். இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி அது மரத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மரத்தை வெட்டி, பலகையாக்கி, வருடக்கணக்கில் காயவைத்த பிறகும் அந்த இறுக்கம் உள்ளே ஒளிந்திருக்கும். நீளவாக்கில் அறுக்கும்போதுதான் அது விடுதலையாகிறது. சில பலகை இரண்டாக விரியும். சில பலகை இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். எது எப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் அவசரமாகக் காயவைத்த பலகையிலும் இதே கூத்து உண்டு. வெளித்தோல் முதலில் காய்ந்து விறைத்துவிடும், உள்ளே ஈரம் பின்னால் போகும். கனத்தில் இரண்டாகப் பிளந்தால் இரு துண்டும் உட்பக்கமாக வளைந்து பிளேடை நெருக்கும்.

ஷட்டரில் பட்ட கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வீட்டு ஓரம் சாய்ந்து நின்ற மரமாம்.

இதற்கு மருந்து மிக எளிது. பிளேடுக்குப் பின்னால், பல்லிலிருந்து சில மில்லிமீட்டர் விட்டு, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஓர் இரும்புத் தகடு. பிளேடின் தகட்டைவிடச் சற்றுக் கனம், பல்லின் அகலத்தைவிடச் சற்று மெலிசு. அறுபட்ட வாய்க்குள் அது நுழைந்து நிற்கும். மரம் மூடப் பார்த்தால் தகட்டைத்தான் கவ்வும். தகடு சுழலாது, தூக்காது. ஆங்கிலப் பெயர் ரிவிங் நைஃப். பிளேடை ஏற்றி இறக்கும்போது கூடவே ஏறி இறங்க வேண்டும், அதுதான் முக்கியம். நான் பார்த்த பட்டறைகளில் ஒன்றில்கூட இது இல்லை. பல மெஷின்கள் உள்ளூர் லேத்தில் செய்தவை, வாங்கும்போதே கிடையாது. மற்றவற்றில் "இடைஞ்சலா இருக்கு" என்று கழற்றிப் பரண் மேல் போட்டிருப்பார்கள்.

கைடு கோணலாக இருந்தாலும் இதே விளைவுதான். அது பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். பின்முனை பிளேடு பக்கம் சாய்ந்திருந்தால், நீங்கள் தள்ளத் தள்ள மரம் நேராகப் பின்பக்கப் பல்லில் போய் ஒட்டும். குறுக்கே அறுக்கும்போது கைடில் முட்டவைத்து அறுப்பது இன்னும் மோசம். வெட்டுப்பட்ட சின்னத் துண்டு பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே சிறைபட்டு, கொஞ்சம் திரும்பினால் போதும், குண்டு மாதிரி வரும்.

கடற்காற்றுக்கு வார்ப்பிரும்பு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும், மரம் அதில் வழுக்காது, வழுக்காததால் பலமாகத் தள்ளுவோம். மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். கையுறை மட்டும் வேண்டாம். நூல் ஒன்று பல்லில் மாட்டினாலும் கையை உள்ளே இழுத்துவிடும். பலாவின் மஞ்சள் தூளைச் சுவாசிக்காமல் இருக்க முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். மரத்தூள் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலிலேயே இருக்கிறது.

விரல் பட்டவுடன் தானே நின்றுவிடும் மெஷினும் வந்துவிட்டது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற, காப்புரிமை வழக்கறிஞரான ஸ்டீவ் காஸ் 1999இல் யோசித்தது. சாஸ்டாப் என்ற பெயரில் 2004இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஒரு சிறு மின் சைகை ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் அதை ஒன்றும் செய்யாது. மனித உடம்பு மின்னூட்டத்தை உறிஞ்சும் என்பதால் விரல் பட்டதும் சைகை தளரும். அந்தக் கணமே ஒரு ஸ்பிரிங் அலுமினியக் கட்டி ஒன்றைப் பற்களுக்குள் தள்ளும். 5 மில்லிவினாடிக்குள் பிளேடு நின்றுவிடும். மரத்தை வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தால் அதற்குள் விரல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். தையலோடு, பல நேரம் பிளாஸ்திரியோடு போகும். பிளேடும் கட்டியும் வீண். புதிதாக வாங்க வேண்டும். ஈரப் பலகையும் மின்சாரம் கடத்தும் என்பதால், பச்சை மரம் அறுத்தால் வீணாகத் தூண்டிவிடும்.

அருமையான பொறி, மறுக்கவில்லை. ஆனால் அது விரலைத்தான் காக்கும். எகிறும் கட்டையை நிறுத்தாது. நம் பட்டறைகளுக்கு முதலில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் துண்டுத் தகடு வரட்டும் என்பேன்.

இன்னொன்று, மின்வெட்டு. வெறும் சுவிட்ச் போட்ட மெஷின் கரண்ட் போனால் நிற்கும், வந்தால் தானே ஓடும். அந்த இடைவெளியில்தான் யாராவது பிளேடில் சிக்கிய சிம்பை எடுக்கக் கையை விடுவார்கள். பச்சை, சிவப்பு பொத்தான் வைத்த ஸ்டார்டருக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கரண்ட் போனதும் அது பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். ஆசாரி பட்டறையில் ஸ்டார்டர் இருந்தது, நல்ல வேளை.

அங்கே என்னை உண்மையில் பயமுறுத்தியது டியூப் லைட். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்கள் மங்கலாக, மெதுவாக நகர்வது போலத் தெரிந்தது. கண்ணில் கோளாறு என்று நினைத்தேன். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மின்னும். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிளேடு 0.48 சுற்று போகும், அதாவது 19.2 பல். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி என்பதால் 19 பல் போனது கண்ணுக்குத் தெரியாது, மிச்சம் 0.2 பல் மட்டும் நகர்ந்ததாகத் தோன்றும். இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்று, ஆட்டுக்கல் மாதிரி. வேகம் 2850க்கு வரும்போது கணக்கு சரியாக 19 ஆகி, பிளேடு நிற்பது போலவே இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகு வேகம் இறங்க இறங்க இந்த மாயம் மறுபடி மறுபடி வரும்.

இதை ஒரு அட்டையில் கணக்குப் போட்டு ஆசாரியிடம் காட்டினேன். அட்டையைப் பார்க்கவில்லை, டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

கதவு எடுக்கப் போனபோது மெஷினுக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பு தொங்கியது. அதன் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த மின்னல் வந்துவிடும், அதனால் அவ்வளவாக மினுக்காது. பிளேடுக்குப் பின்னால் புதுசாக வெல்டிங் வாசனையோடு ஒரு தகடு. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

"இப்பதான் சார் சுத்துறது சுத்துற மாதிரி தெரியுது," என்றார்.