மார்வாரிக் குதிரை: சுழியைப் பார்த்தீர்கள், வாயைப் பார்த்தீர்களா?

“டாக்டர், வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. நடையே சரியில்லை. நொண்டிக் குதிரையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.”

அந்தியூர் ஆடிச் சந்தை முடிந்ததும் வந்த அழைப்பு இது. போய்ப் பார்த்தால் நல்ல மார்வாரிப் பெட்டை. காது நுனிகள் இரண்டும் உள்வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஓடவிட்டுப் பார்த்தேன். தலை ஆடவில்லை, நான்கு குளம்போசையும் சீராக விழுந்தன. அது நொண்டவில்லை, இந்த இனத்துக்கே உரிய ‘ரேவால்’ நடையில் போனது.

சாதாரணக் குதிரை துள்ளோட்டத்தில் குறுக்குக் கால்களைச் சேர்த்து எடுத்து வைக்கும். ரேவாலில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் அடுத்தடுத்து நகரும். மேலே இருப்பவரைத் தூக்கிப் போடாது. பாலைவனத்தில் நாள் முழுக்கச் சவாரி செய்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தோள் அமைப்பும் அப்படித்தான்: மணலில் புதைந்த காலை எளிதாக உருவி எடுக்கும், அதற்கு விலையாக வேகம் சற்றுக் குறையும். நொண்டும் குதிரையோ முன்கால் வலித்தால் தலையை உயர்த்தி உயர்த்தி நடக்கும். பின்கால் வலித்தால் இடுப்பு ஏறி இறங்கும். வாங்கும்முன் கெட்டித் தரையில் நேராகவும் வட்டமாகவும் நடத்திப் பாருங்கள்.

ராஜஸ்தானின் மார்வார் பகுதியை ஆண்ட ராத்தோர் அரசர்கள் போருக்காக வளர்த்த இனம் இது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காதுகளே கேலிப்பொருளாயின. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல பொலிகுதிரைகளைச் சேர்த்து இனத்தை மீட்டார். விடுதலைக்குப் பிறகு ஜமீன்கள் போனதும் மறுபடியும் சரிவு. பல குதிரைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பல பொதி சுமந்தன. உமைத் சிங்கின் பேரன் கஜ் சிங் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இப்படித் தப்பிப் பிழைத்த குதிரையின் வாயில்தான் முள் கடிவாளத்தை மாட்டுகிறோம். ரேவால் பிறவியிலேயே வருவது, பழக்கினால் மெருகேறும். குத்தி இழுத்தால் கழுத்து விறைக்கும், முதுகு இறுகும், நடை கெடும். குதிரையின் ‘நாட்டியம்’ என்று கூட்டம் கைதட்டுவதில் பாதி வலிதான் என்பது என் எண்ணம். 1965-ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்கு வதைத் தடுப்பு விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. சந்தையில் இன்றும் அது கிடைக்கிறது.

அந்தப் பெட்டையின் உதட்டை விலக்கினேன். ஈறில் ஆறாத புண், நாக்கின் ஓரத்தில் பழைய தழும்பு. உரிமையாளர் அதுவரை வாயைத் திறந்தே பார்த்ததில்லை. நெற்றியில் இருந்த ராஜசுழியை, அதாவது ராசி என்று நம்பப்படும் மயிர்ச்சுழியை மட்டும் என்னிடம் இரண்டு முறை காட்டிவிட்டார். மழமழப்பான கடிவாளம் வாங்கும்வரை ஏறவே வேண்டாம், வெறும் கயிற்றில் நடத்துங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.