அடிப்பிடிக்கும் வாசம்

கார்பமசபின் வலிப்புக்குக் கொடுக்கிற குளிசை. கார்பிமசோல், தைராயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்பவர்களுக்கு. எழுத்து வரிசையில் அடுக்கிய தட்டில் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சில வருடங்களுக்கு முன், திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில், கிளினிக் நாள் பதினொன்றரை மணிக்கு, என் கை ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்தது. எண்ணி, உறையில் போட்டு, "காலை 1, இரவு 1" என்று எழுதி, ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். பக்கத்தில் நின்ற பயிற்சிப் பிள்ளைதான் நோயாளியின் கிளினிக் கொப்பியை எட்டிப் பார்த்து, "மிஸ், இவர் தைராயிட்காரர்தானே?" என்றாள்.

கை தவறியதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இந்த வேலையில் யாருக்கும் தவறும். அதற்காகத்தான் இன்னொருவர் சரிபார்க்கிறார். ஆனால் அவள் சொன்னதும் எனக்கு வந்தது திடுக்கிடல் இல்லை, எரிச்சல். "சரி, மாத்தி வை" என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை இழுத்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கை நடுங்கியது.

சோறு அடிப்பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே பருக்கை வெள்ளையாகத்தான் இருக்கும். வாசம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதுவும் அடுப்படியில் நிற்பவருக்கு அவ்வளவு தெரியாது, அவருடைய மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்தான் "என்ன, பிடிச்சிட்டுதா?" என்று கேட்பார். ஆங்கிலத்தில் பேர்ன்அவுட் என்று சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். தமிழில் பணிச்சோர்வு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. சோர்வு, அலுப்பு எல்லாம் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நாலு வாளி அள்ளித் தலையில் ஊற்றி, ஒரு நல்ல தூக்கம் போட்டால் இறங்கிவிடும். இது இறங்காது. லீவு முடிந்து திங்கட்கிழமை வாசல்படி ஏறும்போதே திரும்பவும் ஏறிக்கொள்ளும்.

இதற்குப் பெயர் கிடைத்ததும் ஒரு கிளினிக்கில்தான். 1970களில் நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் வேலை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்து சேர்ந்த தொண்டர்கள் கொஞ்ச காலத்தில் வெறுமையாகி, எரிந்து விழுபவர்களாக மாறுவதைக் கவனித்தார். தன்னிடமும் அதைக் கண்டார். 1974இல் அதைப் பற்றி எழுதினார். அப்புறம் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 22 கூற்றுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று நாமே குறிக்க வேண்டும். அவை மூன்று விஷயங்களை அளக்கின்றன: உணர்வு வற்றிப்போதல், எதிரே நிற்பவர் ஆளாகத் தெரியாமல் போதல், நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனால் நோயாக அல்ல, தொழில் சார்ந்த ஒரு நிலையாக. வேலையிடத்தில் தொடர்ந்து வருகிற, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த "வேலையிடத்தில்" என்ற சொல்தான். ஏன் என்று பிறகு வருகிறேன்.

மூன்றில் முதலாவதை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். களைப்பு தெரியாமல் இருக்குமா? நான் பயப்படுவது இரண்டாவதற்கு. கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் உம்மா, மாதா மாதம் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மினும் பிரஷருக்கு லொசார்டனும் எடுப்பவர், ஒவ்வொரு முறையும் "மகள், இது சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்பார். கண் சரியாகத் தெரியாது. முன்பெல்லாம் உறையில் பெரிதாக ஒரு சோற்றுக் கோப்பை வரைந்து கொடுப்பேன். கை தவறிய அந்தக் காலத்தில் ஒருநாள், "அதிலதானே எழுதியிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். குரல் என்னுடையதுதான். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

எங்களிடையே "இன்சுலின் வந்திட்டார்", "அந்த வார்ஃபரின் எங்க?" என்று பேசுவது வழக்கம்தான். அது வேலை வேகத்தில் வருகிற குறுக்குவழி, அதில் குற்றம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துத் துண்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பதே உறைக்காமல் போனால், அதுதான் அடிப்பிடித்த வாசம். கெட்ட மனம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரின் வலியைத் தொட்டுக்கொண்டே இருக்கிற மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தோலைத் தடிப்பாக்குகிறது. தடித்த தோலில் எதிரில் நிற்பவரின் வலியும் ஏறாது, அவர் சொல்லும் நன்றியும் ஏறாது.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? அழுத்தம் வந்ததும் மூளையின் ஹைப்போதலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் குந்தியிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, உடம்பு ஓடத் தயாராகிறது. போதுமான அளவு ஏறியதும் கோர்ட்டிசோலே மூளைக்குத் திரும்பிப் போய் "நிற்பாட்டு" என்கிறது. அழகான ஏற்பாடு. ஒரு நாய் துரத்தினால், ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிடும். கிளினிக் வரிசை அப்படி ஓடி முடிவதில்லை. அடங்குவதற்கு முன் அடுத்தது வருகிறது. இப்படித் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதால் உடம்பில் சேரும் தேய்மானத்தை புரூஸ் மக்கியூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் விளக்கி அதற்கொரு பெயரும் வைத்தார்கள். இதயம், தூக்கம், நோயெதிர்ப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கணக்கைக் கட்டுகின்றன. ஆனால் இரத்தம் எடுத்து பேர்ன்அவுட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களின் கோர்ட்டிசோல் சில ஆய்வுகளில் கூட, சிலவற்றில் குறைய, சிலவற்றில் சாதாரணமாக இருந்திருக்கிறது. "அட்ரினல் களைத்துப்போச்சு" என்று சொல்லி விற்கிற மாத்திரைகளை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கை தவறுவதற்குக் காரணம் இன்னும் கொஞ்சம் மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு மருந்தின் பெயரையும் அளவையும் நோயாளியின் சிறுநீரக நிலையையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருப்பது முன்மூளையின் வேலை. கொஞ்சம் பதற்றம் அதற்கு உதவும், நோரட்ரினலின் என்ற மூளை இரசாயனம் அளவோடு இருந்தால் கவனம் கூர்மையாகும். அளவு மீறினால் அதே பொருள் முன்மூளையின் பிடியைத் தளர்த்தி, பழக்கத்தின் கையில் வேலையைக் கொடுத்துவிடுகிறது. பழக்கம் வேகமானது. ஆனால் அது பெயரின் முதல் நாலு எழுத்தோடு நின்றுவிடும். "கார்ப..." "கார்பி..." போதும், கை போய்விடும்.

இதில் இடைஞ்சல் வேறு. சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 98 தாதியர் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று பார்த்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. ஒவ்வோர் இடைஞ்சலுக்கும் மருந்துப் பிழை சுமார் 12 சதவீதம் கூடியது. எங்கள் ஜன்னலில் எண்ணிப் பாருங்கள்: தொலைபேசி, வார்ட்டிலிருந்து ஓடிவரும் உதவியாளர், "ஒரு நிமிஷம் மிஸ்" என்று பக்கவாட்டில் நீளும் கொப்பி. தூக்கமும் இதில் சேரும். 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல விழுகிறது என்று 1997இல் காட்டினார்கள். குடித்துவிட்டு வந்தால் வேலைக்கு எடுக்க மாட்டோம். இரவு டியூட்டி முடித்துவிட்டு, ஆள் இல்லை என்று பகலும் நிற்கிற மிஸியை "அர்ப்பணிப்பு" என்று பாராட்டுகிறோம்.

மருந்தாளர்களுக்கென்று ஒரு தனி வேதனை உண்டு. எங்கள் நல்ல நாள் என்பது ஒன்றும் நடக்காத நாள். பத்து பிழைகளைப் பிடித்து டொக்டரிடம் கேட்டுத் திருத்தியிருப்போம், யாருக்கும் தெரியாது. நோயாளி நன்றி சொல்வது எழுதியவருக்கு. மருந்து இல்லை என்றால் திட்டு விழுவது கொடுப்பவருக்கு. 2022இல் அதை முழுசாக அனுபவித்தோம். டொலர் இல்லாத நாட்டில், இறக்குமதியை நம்பியிருந்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தபோது, ஜன்னலில் நின்று "இல்லை, வெளியில வாங்குங்க" என்று சொன்னது நாங்கள். வெளியிலும் இல்லை என்று தெரிந்தே சொன்னோம். எது சரி என்று தெரிந்தும் செய்ய வழியில்லாமல் நிற்கும் இந்த நிலையை ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல் தாதியரை வைத்து விவரித்து, அறச்சிக்கல் தரும் வேதனை என்றார். அதே காலத்தில் கூட வேலை செய்த பலர் வெளிநாடு போனார்கள், அவர்கள் விட்ட வேலையும் மிஞ்சியவர்கள் தலையில் ஏறியது.

இப்போது அந்த "வேலையிடத்தில்" என்ற சொல்லுக்கு வருகிறேன். பேர்ன்அவுட் என்றதும் யோகா வகுப்பு வைப்பார்கள், சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டுவார்கள். யோகா நல்லதுதான். ஆனால் டொக்டர்மாரிடம் செய்த 19 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2017இல் வந்தது. தனிநபருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, வேலை நேரத்தையும் வேலை முறையையும் மாற்றியது கூடுதலாகப் பலன் தந்தது. நெருப்பைக் குறைக்காமல் பானையிடம் "பொறுமையாக இரு" என்று சொல்லி என்ன பயன்?

நெருப்பைக் குறைப்பது பெரிய திட்டமாக இருக்க வேண்டியதில்லை. கார்பமசபினையும் கார்பிமசோலையும் வெவ்வேறு தட்டில் வைக்கலாம், பெயரில் வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக எழுதி ஒட்டலாம். எண்ணுகிறவரிடம் பேசாமல் இருக்க ஒரு விதி வைக்கலாம். இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே குறைந்தது 11 மணித்தியாலம் விடலாம். பிழை நடந்தால் "யார்?" என்பதற்கு முன் "எப்படி?" என்று கேட்கலாம். பிழை செய்த மருத்துவப் பணியாளரை அல்பேர்ட் வூ 2000ஆம் ஆண்டு "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று அழைத்தார். அவரோடு யாராவது ஒருவர் உட்கார்ந்து பேசினாலே பாதிப் பாரம் இறங்கும். அன்று என்னோடு யாரும் பேசவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வேலைக்கு வெளியே செய்யக்கூடியதும் இருக்கிறது. சபின் சொனன்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் மீள்வதற்கு நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை மனதிலிருந்து கழற்றி வைத்தல், ஓய்வு, புதிதாக ஒன்றைப் பழகுதல், நேரம் தன் கையில் இருத்தல். கழற்றி வைப்பதுதான் கஷ்டம். கோணேசர் கோயிலடியில் மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கும். நான் அந்தக் குழுவை மாலை ஆறு மணிக்குமேல் ஒலியில்லாமல் வைத்தேன். உலகம் நின்றுவிடவில்லை. ஆனால் வேலையை விட்டு விலகியிருக்கும்போதும் ஒன்றிலும் பிடிப்பு இல்லை, பிள்ளையின் சிரிப்பும் தொடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராயிட்டோ இரத்தசோகையோகூட இருக்கலாம். டொக்டரிடம் காட்ட வேண்டும். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்கக் கூடாது. இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பத்தரைக்கு ஒரு ஜன்னலைப் பத்து நிமிடம் மூடுகிறோம், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், முறை வைத்து. பின்னால் போய் இருந்து பிளேன்டீ குடிப்பது, கண்ணை மூடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. முதல் கிழமை பெரிய சண்டை. ஓர் ஐயா ஐந்து ரூபாய்க் குத்தியால் கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தார். "அரசாங்கச் சம்பளம்" என்று சத்தமாகவே சொன்னார். அடுத்த மாதக் கிளினிக்குக்கு அவர் திரும்ப வந்தபோது பத்தரை ஆகியிருந்தது. மூடிய ஜன்னலுக்கு முன்னால் புதிதாக வந்த ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கோப்பையோடு இருந்த எனக்கு ஐயாவின் குரல் நன்றாகவே கேட்டது:

"தம்பி, பொறுங்க. அவ தேத்தண்ணி குடிக்கிறா."